ஐ20 என் லைனும் ஆல்ட்ராஸ் ரேசரும்: சென்னையிலிருந்து கொல்லிமலைக்கு ஆறு நாள்

முதல் நாள்: சென்னை நகருக்குள்

மலை ஏறுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க நகருக்குள்தான். வேகமான சின்னக் கார் என்று ஆசைப்பட்டு வாங்கினாலும், அது பெரும்பாலான நாள் ஓடப்போவது ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையில். வடபழனி, அசோக் நகர், வேளச்சேரி, துரைப்பாக்கம் என்று காலை அலுவலக நேரத்திலேயே இரண்டு கார்களும் கிளம்பின. இரண்டுமே ஆறு கியர் மேனுவல்.

முதலில் காகிதக் கணக்கு. ஐ20-இன் விளையாட்டு வகையான ஹூண்டாய் ஐ20 என் லைனில் 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ (கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் சுழலி) பெட்ரோல் எஞ்சின். சக்தி 120 பிஎஸ், இழுவிசை 172 நியூட்டன் மீட்டர். டாடா ஆல்ட்ராஸ் ரேசரில் 1199 சிசி. அதுவும் மூன்று சிலிண்டர், டர்போ. 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். நீளம் 3,995 மி.மீ., 3,990 மி.மீ. இந்த ஒற்றுமை தற்செயலாக அமைந்ததல்ல. நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் இருந்தால்தான் சின்னக் காருக்கான குறைந்த வரி. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியதும் இந்த வரம்புக்குள் அடங்கும் கார்களுக்குத்தான்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசம் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. விளம்பரத்தில் அதை யாரும் பெரிதாகப் போடுவதில்லை. ஐ20-இன் முழு இழுவிசை எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று (ஆர்பிஎம்) சுழலும்போதே கிடைக்கத் தொடங்குகிறது. ஆல்ட்ராஸில் 1,750-இல். இடைவெளி வெறும் 250 சுற்று. இந்தப் பயணம் முழுவதும் இந்த 250 சுற்றுதான் திரும்பத் திரும்பக் குறுக்கே வரப்போகிறது.

இதை நகரில் காட்டிக்கொடுப்பது வேகத்தடை. இரண்டாவது கியரில் 20 கி.மீ. வேகத்தில் இந்த அளவுச் சக்கரமுள்ள கார்களின் எஞ்சின் ஏறத்தாழ 1,500 சுற்றில் நிற்கும். வேகத்தடையில் இறங்கும்போது 15-க்குப் போய்விட்டால் 1,100 அல்லது 1,200. அங்கே டர்போ இன்னும் விழிக்கவில்லை. ஐ20 ஒரு நொடி முனகிவிட்டு நகர்ந்துவிடும். ஆல்ட்ராஸுக்கு முதல் கியர் வேண்டும். முதல் கியருக்கு இறங்கச் சோம்பல்பட்டு இரண்டாவதிலேயே ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சுற்று குறைவாக இருக்கும்போது முழு மிதி மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறி, ஸ்பார்க் பிளக் பொறி விடும் முன்பே எரிபொருள் தானாகப் பற்றும். 'டக்' என்று ஒரு தட்டல் கேட்கும். அடிக்கடி நடந்தால் பிஸ்டன் போகும். எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் டர்போ எஞ்சின்களில் இந்த ஆபத்து கூடுதல். ஐ20 அந்த வகை. ஆயில் மாற்றும்போது டப்பாவில் 'ஏபிஐ எஸ்பி' தரம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

கிளட்ச் ஐ20-இல் லேசு, கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. ஆல்ட்ராஸில் கியர் லீவர் சற்று நீள ஓட்டம், கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டும். இரண்டு மணி நேர நெரிசலில் இடது காலுக்கு இது தெரியும். ஆனால் மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் ஆல்ட்ராஸ் மேல் வகையின் முன் சீட்டுத் துளைகள் வழியே வரும் காற்று, முதுகு நனையாமல் காப்பாற்றுகிறது. ஐ20-இல் அந்த வசதி கிடையாது. சென்னையில் இது ஆடம்பரமே இல்லை.

ஐ20-ஐ ஏழு கியர் டிசிடி ஆட்டோமேட்டிக்கிலும் வாங்கலாம். வாங்குபவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: அதன் இரட்டை கிளட்ச் ஆயிலில் மூழ்காத உலர் வகை. மேம்பால ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே காரை நிறுத்தி வைத்தால் கிளட்ச் தேய்ந்து சூடேறும். முன்னால் ஒரு கார் நீளம் காலியாகும்வரை பிரேக்கிலேயே நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்வது நல்லது.

இரண்டாம் நாள்: சென்னை – ஏலகிரி

கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவுதான் சரி. பெட்ரோல் பங்க்கில் எல்லாக் காருக்கும் அடிக்கும் அளவு அல்ல. ஓடிச் சூடான டயரில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை நெரிசல். ஐ20 பிறந்த ஊரே இதுதான். இருங்காட்டுக்கோட்டை ஆலை இந்தச் சாலையோரம் இருக்கிறது. வாலாஜாபேட்டைவரை ஆறுவழிப் பணிக்கான மாற்றுப்பாதைகளில் தார் விளிம்புகள் திடீர் திடீரென வரும். 100 கி.மீ. வேகத்தில் அப்படி ஒரு விளிம்பைத் தாண்டும்போது ஆல்ட்ராஸ் ஒரே குலுக்கலோடு நிலைக்கு வந்துவிடுகிறது. ஐ20 என் லைனின் ஷாக் அப்சார்பர்கள் சாதாரண ஐ20-ஐ விட இறுக்கமானவை என்பதால் அடி கூர்மையாக உள்ளே வரும், ஆனால் வண்டி விலகாது.

முந்துவதில் இரண்டின் குணமும் வேறு. ஐ20-இன் 120 பிஎஸ் 6,000 சுற்றில் வருகிறது. எஞ்சினும் மகிழ்ச்சியாக அங்கே ஓடிப்போகிறது. லாரியை முந்த நான்காவது கியருக்கு இறக்கி இழுத்தால் போதும். ஆல்ட்ராஸுக்கு உச்சம் 5,500. அதன் பலம் 2,000-க்கும் 4,000-க்கும் நடுவே. அதற்கு மேல் சத்தம் ஏறும் அளவுக்கு வேகம் ஏறாது. ஆகவே அதை விரட்டக் கூடாது. 4,500-இல் அடுத்த கியர் மாற்றிவிட்டால் அதே லாரியை அதே தூரத்தில் முந்தும். ஆல்ட்ராஸின் எக்ஸாஸ்ட் ஒலி இரண்டில் கனமானது, காதுக்குச் சுகமாக இருக்கிறது.

வாணியம்பாடி தாண்டி, பொன்னேரி வழியாக ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கியவை. அகலமான, சீரான சாலை. இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இரண்டும் சிரமமில்லாமல் ஏறிவிடுகின்றன. ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்று பத்து சதவீதம்போல மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். டர்போ சற்றுக் கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே சாவியை அணைக்காமல் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். செக்கச் செவேலென்று காய்ந்திருக்கும் டர்போவுக்குள் ஆயில் நின்றுபோனால் அங்கேயே கருகிப் படியும்.

மூன்றாம் நாள்: ஏலகிரி – சேலம் – ராசிபுரம்

திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடிக் கணவாய், சேலம். நல்ல சாலை. சொல்ல அதிகம் இல்லை. பின் சீட்டில் இருப்பவர்களுக்கான நாள் இது. ஐ20-இல் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2,580 மி.மீ., ஆல்ட்ராஸுக்கு 2,501. முழங்கால் இடத்தில் ஐ20 முன்னே. ஏறி இறங்குவதில் ஆல்ட்ராஸ்: அதன் கதவுகள் 90 டிகிரிக்குத் திறக்கின்றன; வேட்டி மடித்துக் கட்டிய பெரியவர்களுக்கும், இடுப்பில் குழந்தையோடு ஏறுபவர்களுக்கும் இது பெரிய உதவி. டிக்கி 345 லிட்டர், ஐ20-க்கு 311.

பாதுகாப்பைப் பற்றி: 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்ட்ராஸ் ஐந்து நட்சத்திரம். 2022-இல் இரண்டே ஏர்பேக் உள்ள ஐ20 மூன்று நட்சத்திரம். இப்போது இரண்டிலும் ஆறு ஏர்பேக். சோதித்தவை இந்த விளையாட்டு வகைகள் அல்ல, அவற்றின் சாதாரண வடிவங்கள். ஆனாலும் கூடு அதே கூடுதான் என்பதால் அந்த நட்சத்திரங்களைத் தள்ளிவிட முடியாது.

மாலையில் ராசிபுரத்தில் மலைக்கான தயாரிப்பு. பிரேக் ஆயில் குப்பியில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா. இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால் மலைக்கு முன் மாற்றுவது கட்டாயம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். அப்போது பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட்டின் அளவை எஞ்சின் ஆறிய பிறகே பார்க்க வேண்டும்.

அடுத்து டயரின் பக்கச் சுவர். கண்ணால் பார்த்தால் போதாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, முன் சக்கரத்தின் வெளிப்பக்கமும் உள்பக்கமும் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு சுற்று தடவ வேண்டும். நெல்லிக்காய் அளவு மேடு ஏதாவது கையில் தட்டுப்பட்டால் அந்த டயர் மலைக்கு ஆகாது. குழியில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்திருக்கிறது. ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கி நிற்கிறது. 16 அங்குலச் சக்கரத்தில் தாழ்ந்த டயர் போட்ட கார்களில் இது சகஜம். ஐ20-க்கு 195/55, அதாவது 195 மி.மீ. அகலம், அதில் 55 சதவீதம் பக்கச் சுவர்; உயரம் 107 மி.மீ. ஆல்ட்ராஸுக்கு 185/60, 111 மி.மீ.

நான்காம் நாள்: கொல்லிமலை

ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அடிவாரத்தில் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. வல்வில் ஓரியின் மலை. காரவள்ளியிலிருந்து சோளக்காடுவரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. ஏலகிரியைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது வேறு உலகம். சாலை குறுகல், வளைவு இறுக்கம், ஒரு வளைவு முடிந்து மூச்சு விடும் முன் அடுத்தது.

ஏறும்போது கஷ்டமான வளைவு எது? வலப்பக்கம் திரும்புவது இல்லை. அதில் நாம் வெளி வட்டத்தில் போகிறோம். சுற்று பெரியது, ஏற்றம் மெதுவானது. இடப்பக்கம் திரும்பும் வளைவில் நம் கார் உள் விளிம்பில். அங்கேதான் சரிவு செங்குத்து. வேகம் 12, 13-க்கு விழுகிறது. இரண்டாவது கியரில் எஞ்சின் ஆயிரம் சுற்றுக்கு வந்துவிடும். இந்த இடத்தில் முதல் நாள் சொன்ன 250 சுற்று முழு உருவம் எடுக்கிறது. வளைவு முடியும்போது ஐ20 தன் 1,500-ஐச் சட்டென்று எட்டி இழுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆல்ட்ராஸ் 1,750 வருவதற்குள் இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் முனகுகிறது. அதற்குள் அடுத்த வளைவு.

தீர்வு எளிது. ஆல்ட்ராஸில் இடது வளைவுகளுக்கு முன்பே, கார் நடை வேகத்துக்கு வந்ததும் முதல் கியர். வளைவுக்கு நடுவே கியர் மாற்றினால் கிளட்ச் மிதித்த அந்த ஒரு நொடியில் வண்டி நின்றுவிடும். பின்னால் பஸ் நிற்கும். ஐ20-இல் பாதி வளைவுகளை இரண்டாவதிலேயே முடிக்கலாம். ஆனால் நான்கு பேர் ஏறிய காரில் அதற்கும் முதல் கியர்தான்.

இன்னொரு சிக்கல் இரண்டுக்கும் பொது. இரண்டும் முன்சக்கர இழுவை. இடது வளைவில் ஏறும்போது எடை பின்பக்கமும் வலப்பக்கமும் சாய்வதால் முன் இடது சக்கரம் லேசாகிச் சுழலும். மழை ஈரமோ, மேலிருந்து வழிந்த மண்ணோ இருந்தால் இன்னும் அதிகம். உடனே, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் எஞ்சின் சக்தியை வெட்டும். சுற்று டர்போ எல்லைக்குக் கீழே விழும். கார் செத்த மாதிரி ஆகும். காரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஸ்டியரிங் முழுக்க ஒடிந்திருக்கும்போது பாதி மிதி மட்டும். ஸ்டியரிங் நேராகத் தொடங்கிய பிறகே மீதி.

ஸ்டியரிங் விஷயத்தில் ஐ20 தெளிவாக ஒரு படி மேல். சக்கரம் எங்கே பார்க்கிறது என்பது கைக்குத் தெரிகிறது. எழுபதாவது வளைவிலும் அலுக்கவில்லை. கொல்லிமலைச் சாலைக்காக மட்டும் கார் வாங்க வேண்டும் என்றால் ஐ20 என் லைன்தான், தயங்க வேண்டியதே இல்லை. ஆல்ட்ராஸின் உடல் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது, ஆனால் பிடியை விடுவதில்லை. இரண்டிலும் முன் கண்ணாடியின் ஓரத் தூண் தடிமன். வலது வளைவில் எதிரே வரும் பைக் முழுசாக அதற்குள் மறைந்துவிடும். தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தபடிதான் திருப்ப வேண்டும்.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. நடைமுறையில் அரசுப் பேருந்துக்கு இரண்டு திசையிலும் நாம்தான் நிற்க வேண்டும். வளைவின் முழு அகலமும் இல்லாமல் அது திரும்ப முடியாது. ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே, நேரான இடத்தில் ஒதுங்கி நிற்பது இருவருக்கும் நல்லது.

செம்மேட்டில் மிளகும் பலாவும் விற்கிறார்கள். அறப்பளீசுவரர் கோயில்வரை போய்த் திரும்பிய உள்சாலைகளில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள். மூன்றாவது கியரில் இரண்டு கார்களும் சமம்.

ஐந்தாம் நாள்: இறக்கம், பிறகு கிராமத்துச் சாலைகள்

மலையிலிருந்து முள்ளுக்குறிச்சிப் பக்கம் இன்னொரு பாதை இறங்குகிறது, வளைவுகள் குறைவு. இறக்கத்தில் கியர்தான் முதல் பிரேக். ஒரு லிட்டர் சொச்சம் எஞ்சின் மூன்றாவது கியரில் காரைப் பிடித்து நிறுத்தாது. பெரிய டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். இரண்டாவதில் இறங்கினால் எஞ்சின் சத்தம் போடும், போடட்டும். பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவது தவறு. அழுத்தி மிதித்து, வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

ஐ20 என் லைனுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க். ஆல்ட்ராஸ் ரேசருக்குப் பின்னால் டிரம். நகரில் இந்த வித்தியாசம் தெரியாது. முன் சக்கரங்களே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. நீண்ட இறக்கத்தில் டிரம் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். டிஸ்க் வெளியே விடும். கருகிய வாடை வந்தாலோ, மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ சமதளம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துபோகும். பிறகு ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஸ்டியரிங் உதறும்.

அடிவாரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை, தம்மம்பட்டி, ஆத்தூர் சுற்றுவட்டாரக் கிராமத்துச் சாலைகள். மரவள்ளியும் மஞ்சளும் இருபுறமும். இந்தச் சாலைகளில் குழியைவிட மோசமானது தார் விளிம்பு. பலமுறை தார் போட்டுப் போட்டு சாலை உயர்ந்துவிட்டது, ஓர மண் கீழேயே நிற்கிறது. எதிரே பேருந்து வந்தால் இடது சக்கரங்களை மண்ணில் இறக்கியே ஆக வேண்டும். இறங்குவதில் ஆபத்தில்லை. ஏறும்போது சாலைக்கு இணையாக ஓட்டிக்கொண்டே உரசி ஏறினால், கத்தியைப்போல் நிற்கும் தார் விளிம்பு டயரின் பக்கச் சுவரை அறுக்கும். வேகத்தை நடைக்குக் குறைத்து, ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்து, விளிம்பை அகலக் கோணத்தில் தாண்ட வேண்டும். இங்கே ஆல்ட்ராஸின் நான்கு மி.மீ. கூடுதல் ரப்பரும் மென்மையான சஸ்பென்ஷனும் கை கொடுக்கின்றன. சிறு சிறு அலைகளாக உடைந்த தாரில் ஐ20-இன் ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் ஓயாத நடுக்கம்; ஆல்ட்ராஸில் 'தொம் தொம்' என்று அடியில் சத்தம் மட்டும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பின் சீட்டில் இருப்பவர்கள் எந்தக் காருக்கு மாறுவார்கள் என்பதில் சந்தேகமில்லை.

வேகத்தடைகளுக்கு இங்கே வெள்ளைக் கோடு கிடையாது; ஊர்க்காரர்களே மண்ணும் சிமென்ட்டும் போட்டுக் கட்டியவை பல. தரை இடைவெளி ஐ20-க்கு 170, ஆல்ட்ராஸுக்கு 165 மி.மீ.; இது ஆளில்லாத கணக்கு. நான்கு பேரும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் இறங்கிவிடும். செங்குத்தான தடையைச் சாய்வாக, ஒரு சக்கரம் ஏறிய பிறகு அடுத்தது என்று தாண்டினால் அடிவயிறு தட்டாது. சாலை காலியாக இருந்தால் மட்டும்.

அறுவடைக் காலத்தில் சாலையே களம். சோளம், கேழ்வரகு, கொள்ளு என்று கதிரோடு பரப்பியிருப்பார்கள், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று. பரவிக் கிடக்கும் கொள்ளு, டயருக்குக் கீழே பால்ரஸ் குண்டுகளைப்போல உருளும். பிரேக் மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தடதடக்கும், கார் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, கதிரோடு வரும் காய்ந்த தண்டான தாள். மலை இறங்கிய சூட்டோடு இருக்கும் எக்ஸாஸ்ட் குழாயில் தாள் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். முடிந்தவரை ஓரமாக விலகிப் போக வேண்டும். ஒருவருடைய ஆறு மாத உழைப்பு அது. விலக வழியில்லை என்றால் மெதுவாகத் தாண்டி, நூறு மீட்டரில் நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்து, குச்சியால் தாளை இழுத்துப் போட வேண்டும். கையால் வேண்டாம்.

ஆறாம் நாள்: ஆத்தூர் – உளுந்தூர்பேட்டை – சென்னை

சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலை, ஊர்களின் புறவழியில் நான்கு வழி திடீரென இரண்டு வழியாகச் சுருங்கி, எத்தனையோ உயிர்களை வாங்கிய சாலை. அகலப்படுத்தும் பணி நடக்கிற இடங்களில் இன்னும் கவனம் தேவை. எதிரே வரும் விளக்கு உங்கள் பாதையிலேயே வரலாம். சுருக்கம் தொடங்கும் பலகை தெரிந்ததும் முந்துவதை நிறுத்திவிடுவது ஒன்றே வழி. இரண்டு கார்களின் வேகமும் இங்கே உதவாது.

மைலேஜ். இரண்டுக்கும் 37 லிட்டர் டேங்க். ஓட்டும் விதம் சீராக இருந்தால் லிட்டருக்கு நெடுஞ்சாலையில் 16 முதல் 18 கி.மீ., நகரில் 10 முதல் 12 கி.மீ. என்பது இவ்வகை டர்போ பெட்ரோல் கார்களுக்கு நியாயமான எதிர்பார்ப்பு. மலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் வண்டியில் குறை தேட வேண்டாம். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய விளம்பர எண்ணோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

விலையில் ஆல்ட்ராஸ் ரேசர் 2024 ஜூனில் 9.49 லட்சத்துக்கு வந்தது. மேல் வகை 10.99 லட்சம். மேனுவல் கியரோடு 2023 செப்டம்பரில் வந்த ஐ20 என் லைன் 9.99 லட்சத்தில் தொடங்கியது. இரண்டும் ஷோரூம் விலை. தனியாகவோ இருவராகவோ மலைச்சாலை தேடிப் போகிறவருக்கு ஐ20-இன் கூடுதல் பணம் ஒவ்வொரு வளைவிலும் திரும்பக் கிடைக்கும். பெற்றோரும் பிள்ளைகளும் பின் சீட்டில், வார இறுதியில் சொந்த ஊர்க் கிராமத்துச் சாலை என்றால் ஆல்ட்ராஸ். 1,750-க்குக் கீழே அதை இழுக்கச் சொல்லாமல் கியர் மாற்றப் பழகிக்கொண்டால் போதும்.

சென்னை வந்ததும் முதல் வேலை வண்டி கழுவுவது. மேல் பளபளப்பு அப்புறம். சக்கர வளைவுக்குள் அப்பிய கொல்லிமலைச் செம்மண்ணையும் அடியில் சிக்கிய தாளையும் தண்ணீர் பீச்சி எடுத்துவிட்டு, நான்கு டயரையும் மறுபடி உள்ளங்கையால் ஒரு சுற்று தடவ வேண்டும். தார் விளிம்பின் அடி அன்றைக்கே தெரியாது. மேடு எழும்ப இரண்டு மூன்று நாள் ஆகலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை.